ஹேவாஹெட்டவிலிருந்து வந்த வெளிநாட்டு மாணவி

ஊழியர் வேலைநிறுத்தம் தொடங்கி இரண்டாவது வாரம். நாங்கள் பல்கலைக்கழக கேட்டுக்கு வெளியே மறியலில் நின்றோம். விரிவுரையாளர்கள் ஸ்ட்ரைக்கில் சேராததால் வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. அப்போது சாந்தினி வேகமாக வந்து என் முன்னால் நின்றாள்.

நான் வெளிநாட்டு மாணவர் பிரிவில் கிளார்க். சாந்தினி பிறந்தது கண்டிக்குப் பக்கத்து ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்தில். விசா லொட்டரியில் அமெரிக்கா போய், அங்கே இராணுவத்தில் லொறி ஓட்டி, அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவள். படையில் இருந்தவர்களின் படிப்புச் செலவை அந்த அரசு ஏற்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். அவளுக்கு அந்த வெளிநாடு கண்டி. மண்ணியல் படித்தாள். பட்டாளத்துக்குப் பிறகு அடைந்த அறையில் நெடுநேரம் இருக்க முடியாதாம்; வகுப்பில் கதவோரம்தான் உட்காருவாள். பாதி நேரம் வராந்தாவில் நடப்பாள்.

அவள் தொடர்ந்து படிக்கிறாள் என்று ஒவ்வொரு தவணையும் கம்ப்யூட்டரில் அமெரிக்க அரசுக்கு உறுதிப்படுத்த வேண்டும். அந்த அதிகாரம் என் பெயரில் மட்டுமே இருந்தது.

"சேர், அனுப்புற கெடு நாளையோட முடியுது. நீங்க அனுப்பலன்னா உதவி நின்னுரும். நான் திரும்ப அங்க வேலைக்குப் போகணும். அம்மாவ இப்பதான் தோட்டத்துலருந்து கூட்டியாந்து இங்க பக்கத்துல கட்டுகஸ்தோட்டையில வச்சிருக்கேன்."

அவளையும் கூட்டிக்கொண்டு எங்கள் தொழிற்சங்கச் செயலாளர் நிஸ்தார் நானாவிடம் போனேன். அவர் கண்டிக்குப் பக்கத்து அக்குறணை முஸ்லிம்; அண்ணனை அங்கே நானா என்பார்கள்.

"இண்டைக்கு உங்கள உள்ளுக்கு உட்டா, நாளைக்கி எல்லாரும் ஒவ்வொரு காரணம் செல்லுவாங்க," என்றார்.

நான் தலையைக் குனிந்தேன். சாந்தினி குனியவில்லை.

"நானா, நீங்க தனியா முடிவெடுக்க வேணாம். எல்லார்கிட்டயும் நானே கேக்குறேன்."

அவர் சற்று யோசித்துவிட்டு ஒலிபெருக்கியை அவள் கையில் கொடுத்தார். அவள் முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் விஷயத்தைச் சொன்னாள். கன்டீனில் வேலை செய்யும் மேரி அக்கா மட்டும் கேட்டார்:

"அமெரிக்காவுலயே படிச்சிருக்கலாமே புள்ள?"

"படிச்சிருக்கலாம் அக்கா. நான் பட்டாளத்துல இருக்கும்போதுதான் அப்பா செத்தாரு. வர முடியல. அம்மாவையும் அப்பிடி விட முடியாது."

மேரி அக்கா கையை உயர்த்தினார். பிறகு ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்.

நிஸ்தார் நானா என்னுடன் உள்ளே வந்து, நான் அனுப்பி முடிக்கும்வரை முதுகுக்குப் பின்னால் நின்றார். வேறு ஒரு ஃபைலைக்கூடத் தொடவிடவில்லை. வெளியே வந்தபோது கூட்டத்திலிருந்து "கருங்காலி!" என்று, ஸ்ட்ரைக்கை உடைப்பவனைத் திட்டும் குரல் கேட்டது. கத்தியவர் கணக்குப் பிரிவு கனகரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், தினமும் என்னோடு தேநீர் குடிப்பவர்.

வேலைநிறுத்தம் முடிந்தும் அவர் பேசவில்லை. நானே போனேன்.

"கை தூக்கித்தானே உள்ளே விட்டார்கள்?" என்றேன்.

"ஓம், விட்டவை. ஆனா நீர் ஒருத்தர் இல்லாட்டி அந்தப் பிள்ளையின்ர படிப்பே நிக்குமெண்டால், அது ஸ்ட்ரைக்கின்ர பிழையோ, உம்மட ஒஃபிசின்ர பிழையோ?"

அன்றைக்கே மேலதிகாரியிடம் போய், உறுதிப்படுத்தும் அதிகாரத்துக்கு இரண்டாவது பெயரைப் பதியக் கேட்டேன். யாருடைய பெயர் என்றார். கனகரத்தினத்தின் பெயரைச் சொன்னேன்.

சாந்தினி பட்டம் பெற்ற ஆண்டு அவளுக்கான கடைசி உறுதிப்படுத்தலை அவர்தான் அனுப்பினார். நான் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் மேசையில் உங்களால் மட்டுமே முடிகிற வேலை ஏதாவது இருந்தால் பெருமைப்படாதீர்கள். அதை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.