சம்மதம் சொல்லாத விரால்

ஒரு விரால் மீனிடம் "உன்னைக் கொல்லலாமா?" என்று கேட்டு, கையில் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு ஒரு மணி நேரம் பதிலுக்குக் காத்திருந்தவன் நான். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்டால் இன்னும் மோசமாக இருக்கும்.

மீன் வாங்கப் போனதே ஒரு பிராயச்சித்தத்துக்காகத்தான். இரண்டு வருடத்துக்கு முன் என் மனைவியின் அண்ணன் தன் தோட்டத்துக் கோயிலில் கெடா வெட்டினார். மேச்சேரிக் கெடா, கன்றுக்குட்டி உயரம். எங்கள் பக்கம் கெடாவைக் கேட்காமல் வெட்டுவதில்லை. மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சம்மதம் என்று அர்த்தம். அன்றைக்கு அந்தக் கெடா சிலுப்பவில்லை. ஒரு செம்பு, இரண்டு செம்பு, அப்புறம் ஒரு குடம். பூசாரி காதுக்குள் ஊற்றியும் மரம்போல நின்றது. சாமிக்கு ஏதோ குறை என்று கூட்டம் முணுமுணுக்க, மச்சான் முகம் கறுத்துக்கொண்டிருக்க, நான் என் திருவாயைத் திறந்தேன்: "அதுக்கும் நம்ம மச்சானைப் பத்தித் தெரிஞ்சிருக்குதுங்க."

சிரித்தது நான் ஒருவன்தான். கெடா அப்புறம் எப்படியோ சிலுப்பிவிட்டது. மச்சான் என் வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்திவிட்டார். தீபாவளிக்கு, பொங்கலுக்கு என்று ஒவ்வொரு தடவையும் போனில் கூப்பிட்டுப் பார்த்து என் மனைவி ஓய்ந்துபோனாள். கடைசியில் இந்த மாசியில்தான், "மேட்டூர் மீன் கொழம்பு வெச்சா வாரேன்" என்று அவர் இறங்கி வந்தார்.

அவர் வருவதாகச் சொன்ன லீவு நாள் காலையில் மேட்டூர் போய், உயிரோடு ஒரு விரால் வாங்கி, மூடிபோட்ட பெயிண்ட் வாளியில் விட்டுப் பஸ் ஏறினேன். வினை பஸ்ஸில் நான் போனில் பார்த்த வீடியோவில் வந்தது. மீன்களுக்கும் பயம், துக்கம், சிநேகம் எல்லாம் உண்டு என்று ஒருவர் கண்கலங்கப் பேசிக்கொண்டிருந்தார். கால்களுக்கு நடுவே வாளிக்குள் 'டொக்' என்று சத்தம். அவர் சொன்னதை ஆமோதித்த மாதிரியே இருந்தது.

வீட்டில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மீனை அண்டாவில் விட்டேன். அது என்னைப் பார்த்தது. குறுக்கே பேசாமல் என்னை அவ்வளவு நேரம் பார்த்த ஜீவன் இதுவரை வேறில்லை. கெடாவைக் கேட்கிறோம், இதை மட்டும் ஏன் கேட்பதில்லை? செம்பை எடுத்துவிட்டேன்.

தண்ணீருக்குள் இருப்பதன்மேல் தண்ணீர் தெளித்தால் அதற்கு என்ன தெரியும்? இது எனக்குப் புரிவதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. வெளியே எடுத்துத் தரையில் வைத்துத் தெளித்தேன். தலையிலிருந்து வால்வரை துள்ளியது.

"அதான் சிலுப்பிருச்சில்லங்க! அருவாமனையக் கொண்டாரட்டா?" என்றாள் மனைவி.

"இது சம்மதமில்ல புள்ள. இது தண்ணி கேக்குது."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. காதுக்குள் குளிர்ந்த தண்ணீர் போனால் கெடா வேறென்ன செய்யும்? நானும்தான் சிலுப்புவேன். சரி என்கிறவரை ஊற்றிக்கொண்டே இருந்துவிட்டு, அதற்குச் சம்மதம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அப்படியானால் இத்தனை வருடம் நான் தின்ற கறியில் ஒரு கெடாவாவது... அதற்குமேல் யோசிக்கப் பயந்து, மீனை அவசரமாக அண்டாவில் போட்டேன்.

"எங்கண்ணன் ரெண்டு வருசங்கழிச்சு ஊட்டுக்கு வருது. வெறுங்கொழம்ப ஊத்தட்டுமா?" அவள் குரல் உடைந்துவிட்டது.

"முட்டையப் போட்டுரலாம். நாமக்கல்லுல முட்டைக்கா பஞ்சம்?"

"முட்டையக் கேட்டீங்களா?"

அதற்குள் வாசலில் பைக் நின்றது. மச்சான் உள்ளே வந்தார். அண்டாவைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். என் கையிலிருந்த மஞ்சள் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தார். முகம் அன்றைக்குப் போலவே கறுக்க ஆரம்பித்தது. அவரைக் கேலி செய்ய உட்கார்ந்து யோசித்திருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது என்பது அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது. மனைவி கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"கேலி இல்லீங்க மச்சான், நெசமாலுமே கேட்டேனுங்க," என்று உளறினேன். "இதுவும் ஒத்துக்க மாட்டீங்குது. அன்னிக்குக் கெடா சிலுப்பாததுல உங்க குறை ஒண்ணுமில்லீங்க. அதுக்குச் சாக இஷ்டமில்ல, அவ்வளவுதான். நாந்தான் வாய வெச்சுட்டுச் சும்மா இருக்காம..."

மச்சான் குந்தி உட்கார்ந்தார். செம்பை வாங்கி, தானும் ஒரு கை அள்ளித் தெளித்தார். விரால் அசையவில்லை.

"மஞ்சப் பத்தல," என்றார். அடுத்த கணம் அண்டாத் தண்ணீர் அதிரும்படி சிரித்தார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு இலை போடப் போனாள்.

முட்டை போட்ட மீன் குழம்பை அவர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். முட்டை என்னைப் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் நானும் நான்கு தின்றேன். கிளம்பும்போது மச்சான் தானாகவே மீனை வாளிக்கு மாற்றி, மூடி போட்டு, பைக்கில் மாட்டிக்கொண்டார். அவர் தோட்டத்துக் கிணறு பெரியது. எந்தக் கோடையிலும் வற்றாதது. எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

"கெணத்துல உட்டுருவீங்கல்ல மச்சான்?"

வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு மத்தியானம் ரெண்டு பேரும் சோத்துக்கு வந்துருங்க மாப்ள."