செருப்பில்லாத வெள்ளிக்கிழமை

அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவு மலருக்காகக் கனடாவிலிருந்து தம்பி ஒரு படிவம் அனுப்பியிருந்தான். பிறந்த இடம், படித்த பள்ளிக்கூடம், பார்த்த வேலை எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். 'ஆலயத்தில் வகித்த பதவிகள்' என்ற இடத்தில்தான் பேனா நின்றுவிட்டது. எண்பத்தெட்டு வயது வரை காலைப் பூசையைத் தவறவிடாத மனிதருக்கு எழுதிக்கொள்ள ஒரு பதவியும் இல்லை. ஒன்று இருந்தது, அதுவும் போய்விட்டது. அது போன கதையை நான் பெருமையோடுதான் சொல்வேன்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பக்கம் நடந்தால் அப்பாவின் தேவாலயம், மறுபக்கம் நடந்தால் அம்மாவின் கோயில். அப்பா கத்தோலிக்கர், அம்மா யாழ்ப்பாணத்துச் சைவம். விரும்பிக் கலியாணம் செய்துகொண்ட அன்றோடு வெள்ளவத்தையில் இருந்த அம்மாவின் வீட்டார் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்க அம்மா மறுப்புச் சொல்லவில்லை. அம்மாவை மாறச்சொல்லி அப்பாவும் ஒருநாளும் கேட்கவில்லை.

நான் வயிற்றில் இருந்தபோது கோயில் வாசலில் அம்மாவின் செருப்பு களவுபோய், வெயிலில் காய்ந்த தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வந்து பாதம் கொப்பளித்துவிட்டதாம். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அப்பாவும் கூடவே போனார். அம்மா உள்ளே போனதும் அவருடைய செருப்பை ஒரு கையில் எடுத்துக்கொண்டு பூக்கடைக்குப் பக்கத்தில் நிற்பார். மற்றக் கை காற்சட்டைப் பைக்குள் செபமாலையை உருட்டிக்கொண்டிருக்கும். அம்மா சுற்றிக் கும்பிட்டு வெளியே வருவதற்குள் அப்பாவின் செபமாலையில் ஐம்பத்துமூன்று மணியும் உருண்டு முடிந்துவிடும். இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு பக்கத்துக் கடவுளரும் ஆட்சேபம் சொன்னதாகத் தெரியவில்லை. ஆட்சேபம் தேவாலயத்தின் திருநாள் குழுவிடமிருந்துதான் வந்தது.

திருநாள் பவனியில் சுரூபத்தை, அதாவது புனிதரின் சிலையை, தோளில் தூக்கும் எட்டுப் பேரில் அப்பாவும் ஒருவர். முன்வரிசையில் வலப்பக்கம் அவருடைய இடம். அதற்கான வெள்ளை உடுப்பும், குழு கொடுத்த சிவப்புப் பட்டியும் ஒரு மரப்பெட்டிக்குள் வருடம் முழுக்கத் தூங்கும். தெருவோரம் நின்று, முன்பின் தெரியாதவர்களிடம்கூட அது எங்கள் அப்பா என்று சொல்வதற்காகவே நான் அந்த ஒரு நாளுக்குக் காத்திருப்பேன்.

எனக்கு ஒன்பது வயது, முதல் நற்கருணையான புதுநன்மை எடுத்த வருடம். திருநாளுக்கு ஒரு கிழமை இருக்கையில் குழுத் தலைவர் வீட்டுக்கு வந்தார். பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்து முடித்த பிறகுதான் வந்த விஷயத்தைத் தொட்டார்.

"நீர் சுரூபம் தூக்கிற ஆள். கோயில் வாசல்ல மனுசியின்ர செருப்போட நிண்டா சனம் என்ன கதைக்கும்?"

அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் அப்பா ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அவ வீடு, சொந்தம் எல்லாத்தையும் விட்டிட்டு என்னோட வந்தவ, அண்ணே. கும்பிடுற சாமியையும் தனியப் போய்க் கும்பிடு எண்டு சொல்ல எனக்கு மனசில்ல."

வரும் வெள்ளிக்கிழமையும் அங்கே கண்டால் சுரூபம் தூக்கும் இடம் வேறொருவருக்குப் போகும் என்று சொல்லிவிட்டுத் தலைவர் எழுந்தார்.

அப்பாவைக் காப்பாற்றும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். செருப்பில்லாமல் அம்மா எப்படிக் கோயிலுக்குப் போவார்? வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவின் செருப்பைத் தூக்கி, யாரும் திறக்காத இடமென்று அந்த மரப்பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

அம்மா கட்டிலுக்குக் கீழே பார்த்தார், கதவுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு, கோயிலுக்குள் எப்படியும் கழற்றத்தானே வேண்டும் என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு படி இறங்கினார். அப்பா ஒரு செருப்பை மாட்டியிருந்தார். அதையும் கழற்றி மற்றதோடு சேர்த்து வைத்துவிட்டு அவரும் வெறுங்காலோடு இறங்கினார். நான் பின்னால் ஓடினேன்.

கோயில் வாசலில் அம்மா உள்ளே போனார். அப்பா வழக்கமான இடத்தில் நின்றார். கையில் ஒன்றும் இல்லை. குழுத் தலைவரின் கார் மெதுவாகப் போனது. வெறுங்காலோடு கோயிலைப் பார்த்து நின்ற அப்பாவை அவர் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். என் கெட்டித்தனத்தால் அப்பா அன்று முழுச் சைவராகவே தெரிந்திருப்பார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பார்த்துக்கொள்ளத்தான் செருப்பே இல்லையே, வீட்டுக்குப் போவோம் என்று அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா வெளியில வரேக்க நான் நிக்கவேணும், பிள்ளை" என்றார். பைக்குள் மணி உருண்டுகொண்டுதான் இருந்தது.

மறுநாள் காலை பட்டியைத் திருப்பிக் கொடுப்பதற்காக அப்பா பெட்டியைத் திறந்தார். பரிசுத்தமான அந்தப் பட்டியின் மேல் அம்மாவின் செருப்பு கிடந்தது. அப்பா செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். செருப்பைக் கொண்டுபோய் வாசலில் வைத்தார். பட்டியைக் கழுவிக் காயவைத்து, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு, அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

திருநாளன்று அவருடைய இடத்தில் வேறொருவர் தூக்கிக்கொண்டு போனார். அப்பா எங்களோடு தெருவோரத்தில் நின்றார். சுரூபம் வந்ததும் முழங்காலில் நின்று, இருந்த குரலையெல்லாம் கூட்டிப் பாடினார். அந்த வருடம் யாரிடமும் அது எங்கள் அப்பா என்று நான் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

குழு பிறகு எத்தனையோ முறை மாறியது. அப்பா இடத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை, வெள்ளிக்கிழமையை விடவும் இல்லை. தம்பியின் படிவத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட மனம் வராமல், 'வெள்ளிக்கிழமைகளில் கோயில் வாசலில் நின்றவர்' என்று எழுதினேன். அவன் வெட்டாமல் விட்டுவிட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா திருநீற்றோடு வெளியே வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. எடுத்துப் போடச் செருப்பு இல்லையென்று அவருக்குத் தெரியும். ஆனாலும் படியில் நின்று முதலில் பூக்கடைப் பக்கம்தான் பார்த்தார். அப்பா கையை உயர்த்திக் காட்டினார். ஒரு செருப்பும் இல்லாத இடத்தில் அம்மா எதைத் தேடினார், அப்பா எதற்குக் காவல் நின்றார் என்று எனக்கு விளங்கவேயில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவைத் தடுக்கச் செருப்பைத் தவிர வேறு எதை ஒளிக்கலாம் என்று யோசித்தபடி நான் அவர்களுக்குப் பின்னால் நடந்தேன்.