கோழிக்கு ஒரு கத்தி, வெள்ளரிக்கு ஒரு கத்தி

அடுத்தவர் சமையலறைக்குள் போய்க் குறை சொல்வதுதான் என் பிழைப்பு. புதுச்சேரியில் வெளிநாட்டுச் சாப்பாடு போடும் உணவகங்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறேன். சொந்தக்காரர் வீட்டில் "இந்தக் குழம்பு நேத்து வெச்சதா?" என்று கேட்டு முறைப்பு வாங்கியவர்களுக்கு என் பாடு புரியும்.

எல்லாத்துக்கும் ஓகே

கருவடிக்குப்பம் பக்கம் ஒரு மோமோ கடை. சமையல்காரர் பிரேம், நேபாளத்துக்காரர். பச்சைக் கோழி நறுக்கிய கத்தியைக் கழுவாமல் வெள்ளரிக்காயில் வைக்கக் கூடாது என்று தமிழில் விரிவாக விளக்கினேன். வரிக்கு வரி "ஓகே அக்கா" என்று தலையாட்டினார். சந்தேகம் வந்து, "இந்தக் கத்திய நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டா?" என்றேன். அதற்கும் "ஓகே அக்கா."

அடுத்த வாரம் பேச்சைக் குறைத்தேன். கோழியில் மஞ்சள் தூளை அப்பி நறுக்கச் சொன்னேன். அதே கத்தியில் வெள்ளரிக்காய். துண்டெல்லாம் மஞ்சள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு காட்டினேன். பிரேம் சிரிக்கவில்லை. துண்டுகளைக் குப்பையில் கொட்டிவிட்டு, தெரிந்த தமிழையெல்லாம் திரட்டிச் சொன்னார்: "கோழி கத்தி வேற. வெள்ளரி கத்தி வேற. இது முன்னாடி யாரும் காட்டல அக்கா."

மதாமின் சட்டி

வியட்நாம் உணவகம் நடத்தும் அம்மையாரை பிரெஞ்சு வழக்கில் எல்லாரும் மதாம் என்பார்கள். அவர் எலும்பு சூப்பை ராத்திரி காய்ச்சிப் பெரிய சட்டியிலேயே ஆற விடுவார். அகலப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றிச் சீக்கிரம் ஆற வையுங்கள் என்றேன். "எங்கம்மா சைகோன்ல இருந்து கொண்டாந்த கைப்பக்குவம் இது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். காலையில் சட்டியின் நடுவில் வெப்பமானியை விட்டேன். இன்னும் இளஞ்சூடு. கிருமி பெருக அது போதும்.

மதாம் வெப்பமானியைக் கண்ணுக்கருகே வைத்துப் பார்த்தார். பிறகு சூப்பு முழுவதையும் கீழே ஊற்றினார். "அம்மா வெச்சது வீட்டுச் சட்டி. நாந்தான் பெருசாக்கிட்டேன். ஆறுற நேரத்த யோசிக்கவேயில்ல."

சனிக்கிழமை

கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சு உணவகம். சனிக்கிழமை, எல்லா மேசையும் முன்பதிவு. தலைமைச் சமையல்காரர் செல்வம் முதலியார்பேட்டையிலிருந்து வந்தபோதே முகம் வெளுத்திருந்தது. காலையிலிருந்து வாந்தி. "நான் இல்லன்னா இன்னிக்கி கடை ஓடாது மேடம்" என்றார். பயிற்சி கொடுக்கப் போயிருந்த நான் முதலாளி ஜெராரைப் பார்த்தேன். செல்வத்தை வீட்டுக்கு அனுப்பச் சொல்வது எனக்கு எளிது, நஷ்டம் முதலாளிக்கு.

ஜெரார் முன்பதிவுப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். பிறகு செல்வத்தை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே அடுப்படிக்குப் போனார். அவருக்கு வந்தது ஆம்லெட்டும் வெங்காய சூப்பும்தான். மேசை மேசையாகப் போய், நடந்ததைச் சொன்னார். இரண்டு குடும்பங்கள் எழுந்து போய்விட்டன. வாராவாரம் வரும் ஒரு பெரியவர் மட்டும் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார்: "மறைக்காம சொன்னீங்களே, அது போதும். அந்த ஆம்லெட்டையே போடுங்க. செல்வத்த நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

எத்தனை நாட்டுச் சமையல் இருந்தாலும் இந்த ஊர்ச் சமையலறைகள் ஒற்றுமையாக வெறுப்பது என்னைத்தான், ஆனால் இப்போதெல்லாம் உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு வெறுக்கிறார்கள்.