தலைக்கு மாஸ்டர் பீஸ் இல்லை

எங்கள் கம்பெனியில் ஷிப்ட் தொடங்கியதும் முதல் வேலை, கனம் அளக்கும் மைக்ரோமீட்டரை மாஸ்டர் பீஸில் வைத்துப் பார்ப்பது. அளவு இவ்வளவுதான் என்று முடிவாகிவிட்ட ஒரு இரும்புத் துண்டு அது. துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருப்போம். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஊத்தங்கரையிலிருந்து ஓசூருக்கு பஸ் ஏறிய எனக்குத் தெரிந்த பெரிய படிப்பு இதுதான். இரண்டு கருவிகள் இரண்டு அளவு காட்டினால், எது தப்பு என்று மாஸ்டர் பீஸ் சொல்லிவிடும்.

என் மனைவியின் தலைக்கு இரண்டு மெஷின்கள் இரண்டு அளவு காட்டின.

அவளுக்கு வலிப்பு வந்தது. இடது பக்கம், பேச்சுக்கான இடத்துக்கு அருகில் ஒரு கட்டி என்றார்கள். எடுக்காவிட்டால் வளரும். எடுத்தால் பேச்சு போகலாம். போகுமா போகாதா என்பது கட்டிக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதைப் பொறுத்தது. அதைப் பார்க்க பெங்களூரில் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். அவள் எதுவும் செய்ய வேண்டாம், சும்மா படுத்திருந்தால் போதும். நாம் சும்மா இருக்கும்போதும் மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டுதான் இருக்குமாம். எந்தப் பகுதியின் ரத்த ஓட்டம் எதனோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்த்து, பேச்சின் இடத்தைக் கண்டுபிடிப்பார்களாம். சும்மா இருப்பது எனக்கு வராத வேலை. அவளுக்கு வரும்.

ஒரு விரல் இடைவெளி இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்து ஆபரேஷன் சில மாதம் தள்ளிப்போனது. திரும்பவும் ஸ்கேன் வேண்டும் என்றார்கள். பழைய மெஷின் ரிப்பேரில் இருந்ததால் புதுக் கட்டடத்து மெஷினில் படுக்க வைத்தார்கள். அதில் இடைவெளியே இல்லை. கட்டி பேச்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. கட்டி வளரவில்லை என்பதையும் அதே ரிப்போர்ட் சொன்னது.

இரண்டு ரிப்போர்ட்டையும் டாக்டரின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த மெஷின் சார் சரி, மாஸ்டர் பீஸ் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தண்ணீர் போன்ற திரவம் நிரப்பிய ஒரு உருண்டையை உள்ளே வைத்து மெஷினைச் சோதிப்போம் என்றார்.

"அது மெஷினுக்குங்க. தலைக்கு மாஸ்டர் பீஸ் கிடையாது. இதே மெஷின்ல நாளைக்கு எடுத்தாலும் கொஞ்சம் மாறும். மெஷினே வேறன்னா இன்னும் மாறும்."

நாலு பேர் பார்க்க அழுதுவிடுவேன் என்று பயந்து வராந்தாவுக்கு வந்துவிட்டேன். நாங்கள் கடையும் ஒரு ஷாஃப்ட் தப்பானால் ரிஜெக்ட் பெட்டியில் போடலாம்.

திரும்பும் பஸ்ஸில் அவளிடம் கேட்டேன், உள்ளே என்ன செய்தாய் என்று.

"நீ சொன்ன மாதிரியே மூச்சப் புடிச்சிக்கினே கெடந்தேன்யா. உட்டு உட்டுப் புடிச்சேன்."

நான்தான் சொன்னேன். வீட்டிலிருந்து ஓசூர் வரும் வழியில், சானமாவு காட்டில் யானை இறங்கி ரோட்டை மறித்துவிடுமோ என்று, இரண்டாவது ஸ்கேன் அன்றைக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்பியிருந்தோம். ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி எல்லை வரும்வரை, அசையாதே, அசைந்தால் ஸ்கேன் கெட்டுவிடும், மூச்சைக்கூட அடக்கி விடு என்று ஓதிக்கொண்டே வந்தேன். முதல் தடவை ஷிப்ட் இருந்ததால் நான் போகவில்லை. அவள் தம்பியோடு போனாள், சும்மா படுத்திருந்தாள்.

மூன்று நாள் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆபரேஷனே வேண்டாம் என்பார்களோ, சொல்லாவிட்டால் தப்பான இடத்தில் கத்தி வைப்பார்களோ. நாலாம் நாள் தனியாகப் போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. மூச்சை அடக்கினால் ரத்த ஓட்டம் மாறும், அது ஸ்கேனில் தெரியும், அதனாலும் இருக்கலாம் என்றார். மெஷினாலும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். மூன்றாவது தடவை எடுத்து, கம்பெனியில் நாங்கள் செய்வதுபோல் சராசரி போடலாமா என்று கேட்டேன்.

"எடுக்கலாங்க. மூணாவதா ஒண்ணு சொன்னா என்ன பண்ணுவீங்க? சராசரி பாத்து வெட்ட முடியாது."

ஸ்கேனை மட்டும் நம்பப் போவதில்லையாம். ஆபரேஷன் நடுவில் அவளை விழிக்க வைத்து, பேசச் சொல்லி, ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்ப்பார்களாம். எந்த இடத்தைத் தொட்டால் பேச்சு தடுமாறுகிறதோ அந்த இடத்தை விட்டுவிடுவார்களாம். அதற்கு அவள் தினமும் பேசும் சொற்கள் வேண்டும், அவள் பேசும் எல்லா மொழியிலும். எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

அவள் கர்நாடக எல்லையோரம் ஜவளகிரிக்காரி. அம்மாவிடம் தெலுங்கு, வேலைக்குப் போகும் தக்காளி மண்டியில் கன்னடம், என்னிடம் தமிழ். கேன்டீன் டோக்கன் பின்னால்கூட எழுதினேன். தண்ணி, சாவி, கேஸ் சிலிண்டர், பெரிய மகளின் ஸ்கூல் வேன். தெலுங்கை அவள் சொல்லச் சொல்லத் தமிழ் எழுத்தில் எழுதினேன். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே பேப்பரில் சேர்த்தேன். எழுதும் ஒவ்வொரு சொல்லும் போகப்போகிற சொல்லாகவே தெரிந்தது.

நேற்றுக் காலை அவள் பேப்பரை வாங்கிப் படித்தாள். விரலால் மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தாள்.

"உன்னக் கூப்பிடறது இதுல இல்லியே."

மறந்துவிட்டேன் என்றேன். மறக்கவில்லை. ஆபரேஷன் மேசையில் அதைச் சொல்லச் சொல்லி, அவளுக்கு வாயில் வராமல் போனால் என்ற எண்ணத்தில் விட்டிருந்தேன்.

"அதத்தான் மொதல்ல கேக்கச் சொல்லு. மூணு பாசையில எது போனாலும் திட்டறதுக்கு ஒண்ணு மிஞ்சும்" என்று பேனாவைப் பிடுங்கி, எல்லாவற்றுக்கும் மேலே, இடமில்லாத இடத்தில், கோணலாக எழுதினாள்: ஏய்யா.

வியாழக்கிழமை ஆபரேஷன். பேப்பர் என் சட்டைப் பையில் இருக்கிறது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.