வேகாத சிப்பியும் கேட்கப்பட்ட செபமும்

என் ஆராய்ச்சி தோற்றுப்போனதை நான்கு மாதம் யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தவள் நான். அதிலிருந்து ஆண்டவர் என்னைத் தூக்கியெடுத்த விதத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. மணமேல்குடிப் பக்கம் ஊர். பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். கடற்கரைச் சிப்பியைச் சுட்டுப் பொடியாக்கி, கடைகளில் பொரித்து மிஞ்சும் எண்ணெயை அந்தப் பொடியால் வண்டி ஓட்டும் எரிபொருளாக மாற்றுவதுதான் என் வேலை. அதில் நச்சுக் கழிவு குறைவு. மீமிசல் கரையில் எனக்காகச் சிப்பி பொறுக்கி, கழுவி, காயவைத்துத் தருபவர் என் கணவர் சேவியர். கொத்தனார், பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். "எம்பொண்டாட்டி சிப்பியில வண்டி ஓட்டப் போறா" என்று வேலையிடத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார்.

முதலில் எல்லாம் நன்றாக வந்தது. போன வருடம் ஆவணிக்குப் பிறகு எதுவுமே வரவில்லை. அதே சிப்பி, அதே எண்ணெய். ஆனால் எண்ணெய் எண்ணெயாகவே நின்றது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். ஆய்வேடு கொடுக்கும் நாள் நெருங்கியது. விடுதியிலிருந்து வீட்டுக்குப் போனால் சேவியர் ஆசையாக விசாரிப்பார். நன்றாக வருகிறது என்பேன். சாப்பாடு இறங்காது.

திருவருகைக் காலம் தொடங்கிய வாரம், ஒரு மதியம், பழைய எண்களைக் கொஞ்சம் மாற்றி, புதிய சோதனை என்று அட்டவணையில் போட்டேன். மேசையிலேயே தலை கவிழ்ந்து செபித்தேன். "ஆண்டவரே, பட்டம் போனால் போகட்டும். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதேயும்."

போட்ட எண்களை அழித்துவிட்டேன். எழுந்துபோய் என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், போட்ட பொய்யையும் சேர்த்து. முன்னமே வந்திருக்கலாமே என்றார் அவர். பொங்கலுக்குள் காரணம் தெரியாவிட்டால் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

சேவியருக்குப் போன் போட்டு அழுதேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"மொதல்ல சாப்புடு புள்ள. நாளைக்கி நான் வாரேன்."

வந்தார். பைக்கில் ஒரு சாக்குச் சிப்பி. தான் பொறுக்கியதில்தான் குறை என்று நினைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கி வந்திருந்தார். பேராசிரியர் உள்ளே அழைத்ததும், ஆய்வுக்கூட வாசலில் செருப்பைக் கழற்றப் போனார். போட்டுக்கொண்டே வரச் சொன்னோம். சுட்ட பொடியைப் பார்க்கலாமா என்று கூச்சத்தோடு கேட்டார். ஒரு கிண்ணத்தில் கொட்டினேன். தண்ணீர் ஊற்றச் சொன்னார். கிண்ணத்தின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"சில்லுன்னு இருக்கே. இது வேகல புள்ள. வெந்த சுண்ணாம்புன்னா தண்ணி பட்டதும் கொதிக்கணும்."

பேராசிரியரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிப்பி சுடும் மின் உலைக்குள் வேறொரு வெப்பமானியை வைத்துப் பார்த்தோம். உலையின் திரை காட்டிய சூடு உள்ளே இல்லை. ஆவணியில் உலையைப் பழுது பார்த்தபோது, சூட்டை அளக்கும் கம்பிக்குப் பதிலாக அந்த உலைக்குப் பொருந்தாத வேறு வகைக் கம்பியைப் போட்டிருக்கிறார்கள். சிப்பி நன்றாக வெந்தால் எடை பாதிக்குப் பக்கமாகக் குறையும். சுடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்திருந்தாலே எனக்குத் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. திரையை நம்பிவிட்டேன்.

சரியான கம்பி வந்ததும் அவர் கொண்டுவந்த சிப்பியையே சுட்டோம். குடுவையில் எண்ணெய் இரண்டாகப் பிரிந்தது. மேலே தெளிந்த எரிபொருள், அடியில் கிளிசரின். நின்ற இடத்திலேயே முழங்காலிட்டேன்.

இந்த வருடம் வாய்மொழித் தேர்வு நடந்தது. காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தேர்வாளர் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர் கண்டுபிடிச்சாருங்க சார்" என்று பின்வரிசையைக் காட்டினேன். எல்லோரும் திரும்பினார்கள். எழுந்து நிற்பதா, உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் அவர் பாதி எழுந்து கும்பிட்டார்.

இப்போதெல்லாம் ஒரு சோதனை தோற்றால், தோற்றது என்றே அன்றைக்கே எழுதி வைக்கிறேன். அன்புச் சகோதர சகோதரிகளே, நான் மறைத்த நான்கு மாதமும் உதவி என் வீட்டிலேயேதான் இருந்தது. வாயைத் திறந்த மறுநாளே ஆண்டவர் அதை அனுப்பிவைத்தார். உங்களுக்கும் சொல்ல முடியாத ஒன்று இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். செபித்து எழுந்ததும் வீட்டிலுள்ளவர்களிடமும் சொல்லிவிடுங்கள். அவர் யார் கையில் பதிலைக் கொடுத்து வைத்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.