வளவும் வளைவும்

எங்கள் வளவை விற்கப் போகிறார்கள் என்ற செய்தி குழாயடிக்குத்தான் முதலில் வந்தது. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த கடைசி வீட்டு அக்கா, குடம் நிறையுமுன்னே தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "ஏட்டி, நீ கவுன்சிலருதான? வீட்டுக்காரரு லாட்ஜ் கட்டுதவனுக்கு வளவக் குடுக்கப் போறாராம். உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்றாள். எனக்குத் தெரியாது. அதைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

வளவு எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தெருவைப் பார்த்து ஒரே வாசல். உள்ளே நீளமாக முற்றம். முற்றத்தின் இரண்டு பக்கமும் ஓர் அறையும் ஓர் அடுப்படியுமாக எதிரெதிர் வீடுகள். வாசலை ஒட்டி ஒரு குழாய், கடைக்கோடியில் ஒரு கக்கூஸ். வளவு முழுவதற்கும் வெளிக்கதவில் ஒரே எண். குடியிருந்தவர்கள் பீடி சுற்றுகிறவர்கள், ஜவுளிக்கடையில் மடிப்புப் பிரிக்கிறவர்கள், பஸ் கம்பெனியில் டிக்கெட் கிழிக்கிறவர்கள். என் புருஷனுக்கு ஜவுளிக்கடையில் வேலை.

திருநெல்வேலியை அடுத்து, ஆற்றங்கரையில் இருந்த சின்ன நகராட்சி எங்களுடையது. தொண்ணூறுகளில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது எங்கள் வார்டு பெண்கள் வார்டாகிவிட்டது. குழாயடியில் என் சத்தம்தான் தெருமுனை வரை கேட்கும் என்பதால் என்னை நிறுத்தினார்கள். அதைவிடப் பெரிய தகுதி எதுவும் எனக்கு இருந்ததாகத் தெரியவில்லை. நான் கொடுத்த வாக்குறுதியும் ஒன்றே ஒன்றுதான்: வளவுக்குள் வீட்டுக்கு வீடு குழாய். ஆறு கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது, ஒரு குடம் தண்ணீருக்கு நாங்கள் விடியுமுன் எழுந்து வரிசையில் நிற்க வேண்டுமா என்று வாசல் வாசலாகப் போய்க் கேட்டேன். ஜெயித்த கையோடு அதற்கு மனுவும் எழுதிக் கொடுத்தேன். அது நகராட்சியில் எந்த மேசையில் கிடந்ததோ.

அன்றைக்கே வீட்டுக்காரரைப் பார்க்கப் போனேன். வீட்டுக்காரர் என்றால் வளவின் சொந்தக்காரர். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனுஷர். பட்ஜெட் கூட்டத்துக்கு அச்சடித்த பொருள்நிரலை யாரிடமோ வாங்கி வைத்திருந்தார். விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். 'வளைவு வீடுகளுக்குக் கூடுதல் சொத்துவரி விதித்தல்' என்று இருந்தது.

"வாசிச்சியா தாயி? வளவுக்குள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாத் தீர்வை போடப் போறாங்க. நீங்க எல்லாரும் குடுக்குத வாடகை அதுக்கே காணாது. நான் எங்க போக?" என்றார். சொத்துவரியை எங்கள் ஊரில் தீர்வை என்றுதான் சொல்வோம்.

"வளைவுன்னுல்லா போட்டிருக்கு?" என்றேன்.

"டைப் அடிச்சவன் லட்சணம் அது. நகராட்சிக் காயிதத்துல என்னைக்கு எழுத்து ஒழுங்கா இருந்திருக்கு?"

அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. அதற்கு முந்தின கூட்டத்தில் 'தெருவிளக்கு அமைத்தல்' என்பது 'தெருவிலக்கு அமைத்தல்' என்று வந்து, அதையும் மேசையைத் தட்டி நிறைவேற்றியிருந்தோம். ஊரில் யாரைக் கேட்டாலும், வளவுக்குத்தான் தீர்வை ஏறப்போகிறது, அச்சில் ஓர் எழுத்து கூடிவிட்டது என்றார்கள். வளவு உள்ள ஊரில் அந்தச் சொல்லை வேறு எப்படி வாசிக்க முடியும்?

"கூட்டத்துல இது நிறைவேறிட்டா நான் அட்வான்ஸ் வாங்கிருவேன் தாயி. எம்மேல கோவப்படக் கூடாது" என்றார் வீட்டுக்காரர். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர்மேல் இல்லை.

கூட்டத்தில் என் பக்கத்து நாற்காலி பலசரக்குக்கடை அண்ணாச்சிக்கு. அவர் வார்டிலும் வளவுகள் உண்டு. கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். துவரம்பருப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டவர், "நீங்க மொதல்ல எந்திரிங்க மதினி. பொறத்தால நாங்க எல்லாரும் எந்திரிக்கோம்" என்றார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

பட்ஜெட் கூட்டம் என்றால் எங்கள் நகராட்சியில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்குத் தலைவர் செலவில் உறுப்பினர்களுக்குச் சொதிச் சாப்பாடு. கூட்ட அறைக்குப் பின்னாலேயே அடுப்பு மூட்டுவார்கள். தேங்காய்ப்பால் கொதிக்கிற வாசனை ஜன்னல் வழியாக வர வர, பொருள்களை வாசிக்கிற வேகமும் கூடும். மேலாளர் ஒரு வரி வாசிப்பார், தலைவர் "சரிதானே?" என்பார், எல்லாரும் மேசையைத் தட்டுவார்கள். அவ்வளவுதான் விவாதம். சாக்கடை, சுடுகாடு, பஸ் நிலையத்துக் கடை வாடகை எல்லாம் அந்த வேகத்தில்தான் போயின.

எனக்கு உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருந்தது. சேலைத் தலைப்பில் துடைப்பேன், மறுபடி வேர்க்கும். நாங்கள் எதிர்க்க வந்த பொருளைத் தலைவர் கண்ணசைவில் தாண்டிப் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொரு வரியையும் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். மேலாளர் 'வளைவு' என்று வாய் திறந்ததுமே எழுந்துவிட்டேன்.

"ஆட்சேபணை இருக்கு" என்றேன். என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

தட்டப் போன கைகள் மேசைமேல் நின்றன. பக்கத்தில் அண்ணாச்சி எழுவார் என்று பார்த்தேன். தலைவர் இந்தப் பக்கம் திரும்பியதும் அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். வேறு யாரும் எழவில்லை.

சரி, எழுந்தாயிற்று. ஏழைகள் தலையில் இப்படித் தீர்வை வைத்தால் அவர்கள் எங்கே போவார்கள், வாடகைக்கு இருக்கிறவர்களைத் தெருவில் விடத்தான் பட்ஜெட்டா என்று குழாயடிக் குரலிலேயே கேட்டேன்.

ஆணையாளர் வட மாவட்டத்தில் இருந்து புதிதாக வந்தவர். நல்ல மனுஷர்தான், பொறுமையாகக் கேட்டார். "அம்மா, தெரு வளைவுல இருக்கிற வீட்டுக்கு ரெண்டு பக்கமும் ரோடு. கடை வச்சா ரெண்டு பக்கமும் வியாபாரம். மதிப்பு ஜாஸ்தி, அதனால வரியும் கொஞ்சம் ஜாஸ்தி. இதுல ஏழைங்க எங்க வர்றாங்க?" என்றார்.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. அச்சடித்தவன் சரியாகத்தான் அடித்திருக்கிறான்! அந்த இடத்திலாவது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் வாய் ஏற்கெனவே திறந்துவிட்டது. "நான் வளவச் சொல்லுதேன் சார்" என்றேன்.

"வளவுன்னா?"

சொன்னேன். ஒரு வாசல், உள்ளே வரிசையாக வீடுகள் என்று கையை நீட்டி நீட்டி விளக்கினேன். நான் சொல்லச் சொல்ல அவர் நெற்றி சுருங்கியது. முடித்ததும் மேலாளரிடம் திரும்பி, "அத்தனை குடும்பத்துக்கும் ஒரே கதவு எண்ணா? ஒரே வரியா?" என்றார். மேலாளர் ஆமாம் என்றார். "அப்போ அதையும் தனித்தனியா மதிப்பிட வேண்டியதுதான். இதே கூட்டத்துல சேர்த்துடலாம்" என்றார் ஆணையாளர்.

இல்லாத தீர்வையைத் தடுக்க எழுந்து, நானே அதைக் கூப்பிட்டுக் கொண்டுவந்துவிட்டேன். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "மதினி, அவரு தெருமொனையல்லா சொல்லியிருக்காரு. நீங்க வளவக் காட்டிக் குடுத்திட்டீகளே" என்று காதோடு சொன்னார். அவரை அந்த இடத்திலேயே நான்கு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்கு நேரம் இல்லை.

"அது தனித்தனி வீடு இல்ல சார். ஒரே வீடு" என்றேன்.

"எப்படிம்மா ஒரே வீடு?"

"ஒரு வாசல், ஒரு முத்தம், ஒரு கக்கூஸ், ஒரு குழாய். உள்ளுக்குள்ள தடுத்திருக்கு, அவ்வளவுதான். வேணும்னா இப்பமே வந்து பாருங்க. ஒத்தக் குழாயில நாங்க எல்லாரும் தண்ணி பிடிக்கோம். தனித்தனி வீடுன்னா ஒத்தக் குழாய் இருக்குமா?"

ஆணையாளர் தன் முன்னால் இருந்த காகிதக் கட்டைப் புரட்டினார். அதில் இருந்து அவர் எடுத்த தாளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. என் கையெழுத்து.

"வளவுக்குள்ள வீட்டுக்கு வீடு குழாய் வேணும்னு மனு கொடுத்திருக்கிறது நீங்கதானே?"

"ஆமா."

"ஒரு வரிக்கு ஒரு குழாய்தான் தர முடியும், அதுதான் விதி. தனித்தனி வீடுன்னா தனித்தனி வரி, தனித்தனி குழாய். ஒரே வீடுன்னா ஒரே வரி, ஒரே குழாய். ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்க." அவர் என்னைக் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் எனக்குப் பதில் சொல்லச் சுலபமாக இருந்திருக்கும்.

"வளவுல கேட்டுட்டு வந்து சொல்லுதேன்" என்றேன்.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "என்னத்தக் கேக்கப் போறீங்க? நீங்கதான கவுன்சிலரு. இப்பவே சொல்லுங்கம்மா, சொதி ஆறுது" என்றார். யாரோ சிரித்தார்கள்.

கடைசி வீட்டு அக்காவைத்தான் நினைத்தேன். முற்றத்தின் அந்தக் கோடி வரைக்கும் இடுப்பில் குடத்தோடு நடப்பாள். பீடி சுற்றி வருகிற காசில் வேறு எங்கே அட்வான்ஸ் கொடுத்து வீடு பிடிப்பாள்? ஓட்டுக் கேட்டுப் போனபோது, "குழாய் மட்டும் வந்துட்டா உன்னய எந்தலையில வச்சுக் கூத்தாடுவேன்" என்று சொன்னவளும் அவள்தான். அழுகை வந்துவிடும் போல இருந்தது. அந்த ஆண்கள் முன்னால் அழக் கூடாது என்று வைராக்கியமும் இருந்தது.

"ஒரே வீடுதான்" என்றேன்.

"மனு?"

"வாபஸ்."

மேசையைத் தட்டினார்கள். எல்லாரையும் விட அண்ணாச்சிதான் பலமாகத் தட்டினார். தெருமுனை வீடுகளுக்கு வைக்க இருந்த வரி, மேல் ஆய்வுக்காகத் தள்ளிவைக்கப்பட்டது. தலைவர் வீடு தெருமுனையில்தான் இருந்தது. சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன்.

வளவு வாசலில் எல்லாரும் நின்றார்கள். "ஒரே தீர்வைதான். வீட்டுக்காரர்ட்டயும் சொல்லிட்டேன், விக்க மாட்டாரு" என்றதும் முற்றம் முழுக்கச் சத்தம். யாரோ என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசி வீட்டு அக்கா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பம் குழாய்?" என்றாள்.

நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. யாரும் திட்டவில்லை. பைய ஒவ்வொருவராக அடுப்பைப் பார்க்கப் போனார்கள்.

முதல் நாள் மாலையே குடங்களை வரிசையில் வைத்துவிடுவது எங்கள் வளவு வழக்கம். என் வீடு குழாயை ஒட்டி இருந்ததால் என் குடம் எப்போதும் முதலில் இருக்கும். ஓட்டு வாங்கினதற்கு அப்புறமும் அதை யாரும் கேட்டது கிடையாது. மறுநாள் காலையில் எழுந்து வந்து பார்த்தேன், என் குடம் கடைசியில் இருந்தது. முதல் இடத்தில் கடைசி வீட்டு அக்காவின் பித்தளைக் குடம்.

சுருக்கென்றது. ஒரு வார்த்தை கேட்கத்தான் வாயெடுத்தேன். அப்புறம் வரிசையை ஒரு தடவை பார்த்தேன். எல்லா வீட்டுக் குடமும் இருந்தது, ஒன்றும் குறையவில்லை. போய்க் கடைசியில் நின்றுகொண்டேன்.