அழிக்கச் சொன்ன சிறகு

அம்மா, அக்கா, இது சத்தியமாக நடந்தது. நல்ல வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டான் என்று திட்டுவதற்கு முன்னால் முழுசாகப் படியுங்கள்.

துறைமுகத்தில் காற்று அளக்கும் இடங்களிலிருந்து போனில் சொல்வார்கள். எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு வேகம். நான் வரைபடத்தில் அம்பு போடுவேன். அம்பின் வால் காற்று வரும் பக்கம். ஒவ்வொரு பத்து வேகத்துக்கும் வாலில் ஒரு சின்னக் கோடு, அதுதான் சிறகு. நான்கு சிறகு வந்தால் கிரேன்களை நிறுத்த வேண்டும். காற்றே இல்லையென்றால் அம்பு கிடையாது. வெறும் வட்டம்.

நேற்று மதியம் காற்றளக்கும் கோபுரத்து அம்புக்கு நான்கு சிறகு விழுந்தது. மேலாளர் வந்து எட்டிப் பார்த்தார். மேலிடம் ஊதுகிற பக்கமெல்லாம் திரும்புவதால் அவருக்குக் காத்தாடி என்று பெயர்.

“ஒரு சிறகை அழிச்சிடுப்பா.”

“சார், கிரேன் மேல ஆளுங்க இருக்காங்க…”

“கப்பல் காத்துக்கிட்டு நிக்குது. உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?”

கதவைச் சாத்திவிட்டுப் போனார். ரப்பரைக் கையில் எடுத்தேன். வேறென்ன செய்ய?

மணி 3.40. போன் அடித்தது.

“மேசை. மேற்கிலிருந்து. ரெண்டு.”

ஆண் குரல். பழக்கமில்லாத குரல்.

“எந்த இடத்திலேர்ந்து பேசறீங்க?”

“மேசை. மேற்கிலிருந்து. அஞ்சு.”

அந்த அறையில் ஜன்னல்கள் திறக்கவே வராது. ஏசி ஒரு வாரமாக ரிப்பேர். ஆனால்… பென்சில் சீவல் மேசைமேல் நகர்ந்தது. மேற்கிலிருந்து கிழக்கே.

“பத்து.”

வரைபடத்தின் ஓரம் எழும்பியது. படபட… படபட…

“இருபது.”

பின்னங்கழுத்தில் பட்டது. சில்லென்று. எனக்குப் பின்னால்தான் மேற்கு. அங்கே சுவர் மட்டும்.

“முப்பது.”

ரப்பர் கையிலிருந்து பறந்தது.

“நாப்பது.”

பிறகு…

சட்டென்று எல்லாம் நின்றது.

“அமைதி. வட்டம் போடு.”

கிரேன் நிறுத்தும் மணியை அழுத்திவிட்டு ஓடினேன்.

வாசலில் காவலாளி அண்ணன் தண்ணீர் கொடுத்தார். நான் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் செத்துவிட்டது.

“போன வருஷம் உன் நாற்காலியில இருந்த பையனும் இப்படித்தான்டா. காத்தாடி சொன்னாருன்னு ஒரு சிறகை அழிச்சான். ‘கருவி சரியா இருக்கான்னு பாத்துட்டு வா’ன்னு அவனையே கோபுரத்துமேல ஏத்திவிட்டாரு. மேலேர்ந்து போன்ல அளவு சொல்லிக்கிட்டே இருந்தான். நாப்பதுன்னான். அதோட சரி… காத்து தூக்கி அடிச்சிருச்சு. ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி. அடுத்த நிமிஷம் கிரேன் ஓடுச்சு. காத்தாடிக்குப் பதவி உயர்வு.”

அக்கா, நீ காலையில் அனுப்பியதை இப்போதுதான் பார்த்தேன். என் இடத்துக்குத் தம்பி சின்னவனைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். உனக்கு ஒரே சந்தோஷம்.

அனுப்பாதே. கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

கடைசியில் நீ சிரிப்புப் பொம்மை போட்டு எழுதியிருக்கிறாய்:

“உங்க ஆபீஸ்லேர்ந்து இன்னொரு சாரும் சின்னவனுக்குப் போன் பண்ணாருடா. ‘வாசல். மேற்கிலிருந்து. ரெண்டு’ன்னு சொல்லிட்டு வச்சிட்டாராம். அப்படீன்னா என்னடா?”